மாமாவின் பிளேட்லெட்

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று நியூசிலாந்துக்காரர்களிடம் பேசி முடித்தது நான்தான். பேசியது இரண்டே வார்த்தை, ஆனால் அதுதான் பேச்சு.

அக்கா மகள் செல்வி ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். புது மெஷின் வந்ததும் அங்கே பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். அடுத்தது அவள்தானோ என்று அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இந்த வெளிநாட்டு இன்டர்வியூ, சாந்தோமில் என் வீட்டில், ஸ்பீக்கர் போனில்.

"மாமா, நீ வாயே தொறக்கக் கூடாது, இன்னா?" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

எல்லாம் மெஷினே செய்கிறது, நீ எதற்கு என்று அந்த நியூசிலாந்து அம்மாள் கேட்டது இங்கிலீஷில்தான் என்றாலும் எனக்கே புரிந்தது. செல்வி திணறினாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"மாமா பிளேட்லெட்டு!" என்று கத்திவிட்டேன்.

செல்வி சிரித்துக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னாள். போன மாதம் என் காய்ச்சலுக்கு அவள் லேப் மெஷின் பிளேட்லெட் முப்பதாயிரம் என்றது; ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டுமாம். அக்கா அழுதே விட்டாள். செல்விதான் ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள்.

"பயப்படாத மாமா, எல்லாம் கொத்தா ஒட்டிக்கினு கீது. மெஷினுக்கு எண்ணத் தெரியல."

ஒட்டவிடாத வேறு டியூபில் எடுத்துப் பார்த்தால் இரண்டு லட்சம்!

சாயங்காலமே மெயில் வந்தது, வேலை உறுதி. விசா வரவேண்டும், வரும். அக்கா இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

டீக்கடையில் எல்லோருக்கும் சொன்னேன். அங்கே என் பிளேட்லெட் ஐந்து லட்சம் ஆகிவிட்டது. செல்வி கேட்டிருந்தால் மறுபடியும் ஸ்லைடு வைத்து எண்ணியிருப்பாள்.