சர்மத் எங்கள் பிள்ளை இல்லை

லாகூர்
மார்ச் 4

பாஜி,

சலாம். உன் ஒரே தம்பி உயிரோடு இருக்கிறான், வேளைக்குச் சாப்பிடுகிறான். எடுத்த எடுப்பிலேயே திட்டாதே. போனில் பேசினால் நடுவில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருக்கிறது. அதனால்தான் கடிதம். ஃபஸல் மாமா தன் பஸ்ஸில் கொண்டுவருவார், பதிலையும் அவரிடமே கொடு.

பாட்டுக் கேட்டாயா? இத்தனை வருஷம் உருதுவில் ராப் பாடினேன். கல்லூரிப் பிள்ளைகள் 'வாஹ் வாஹ்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள். வாத்தியாரம்மா நீ திருத்திக் கொடுத்த உருது, அவ்வளவு மரியாதை அதற்கு! இதை மட்டும் நம் வீட்டுப் பஞ்சாபியில் பாடினேன். சௌத்ரி ரப்நவாஸ் நம் கபர்ஸ்தானில் பாதியை வளைத்துக் கல்யாண மண்டபம் கட்டினானே, அதற்கு அடியில் அடக்கமாகிக் கிடக்கிற நம் அம்மா, "ரப்நவாஸு, என் நெஞ்சு மேல யாருடா ஆடறது?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான் பாட்டு. இப்போது ரிக்‌ஷாக்காரர்கூட "கராத்வாலா!" என்று கூப்பிட்டு டீ வாங்கித் தருகிறார். அப்பாவின் கடைசல் பட்டறையை வைத்துத்தானே அந்த மேடைப்பெயர். அவருக்குச் சந்தோஷமா என்று கேட்டு எழுது.

சர்மத்

குஜ்ரான்வாலா
மார்ச் 19

சர்மத்,

சந்தோஷமா என்றா கேட்கிறாய்? உனக்கு ஏதாவது புத்தி இருக்கிறதா?

போன வாரம் அதே மண்டபத்தில் சௌத்ரியின் தம்பி மகனுக்குக் கல்யாணம். தாளம் நன்றாக இருக்கிறதென்று பையன்கள் உன் பாட்டைப் போட்டுவிட்டார்கள். சௌத்ரியே எழுந்து மாப்பிள்ளை தலையைச் சுற்றி நோட்டு வீசினாராம். திடீரென்று தாளம் நின்று அம்மாவின் கேள்வி வந்தது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி களுக்கென்று சிரித்திருக்கிறாள். அப்புறம் கூட்டமே சிரித்ததாம். தூக்கின கையில் நோட்டு அப்படியே நின்றதாம்.

மறுநாள் அவருடைய கணக்குப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். "பையன் பிரமாதமா பாடறான். ஊருக்கு வரச் சொல்லுங்க, சௌத்ரி சாஹிப் நேர்ல பாராட்டணும்ங்கறாரு" என்று சிரித்தார். லஸ்ஸியைத் தொடவில்லை. உன் அறை எது என்று கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து எதிரே இரண்டு பேர் பைக்கில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்கிறார்கள். அப்பாவின் பட்டறைக்கு ஒருவரும் வருவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறதடா. பெருநாளுக்கு வராதே.

ஃபஹ்மீதா

லாகூர்
ஏப்ரல் 2

பாஜி,

சண்டை என்னோடு, பட்டறை என்ன பாவம் செய்தது? ஒரு வழி தோன்றுகிறது. உருப்படாத மகனை விலக்கி வைத்து அப்பன்மார்கள் பேப்பரில் ஆக் விளம்பரம் போடுவார்களே, அதை அப்பாவைப் போடச் சொல். கராத்வாலா இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை என்றால் உங்களை எதற்குத் தொடப்போகிறார்கள்?

வாசகத்தை நீயே எழுது. அழுதுகொண்டு எழுதினால் பிழை வரும், ஜாக்கிரதை. வெறும் பேப்பர்தானே பாஜி, காகிதத்தில் போட்டால் ரத்தம் மாறிவிடுமா?

சர்மத்

குஜ்ரான்வாலா
ஏப்ரல் 11

தம்பி,

இதைப் படித்த நிமிஷமே கிளம்பு.

விளம்பரம் வந்துவிட்டது. "சர்மத் எங்கள் பிள்ளை இல்லை. அவனுடைய நல்லது கெட்டதற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று எழுதினேன். அன்று சாயங்காலமே பைக் போய்விட்டது. பல நாள் கழித்து அப்பா வயிறாரச் சாப்பிட்டார். நான் முட்டாள், நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்று கணக்குப்பிள்ளை இனிப்புப் பெட்டியோடு வந்தார். "நல்ல காரியம் பண்ணீங்க. இனி அந்தப் பையனுக்கு ஒண்ணு ஆனா, ஏன்னு கேக்க ஆள் இல்லை பாருங்க" என்றார். இந்த நாட்டில் ஒருவன் கொலையானால் கோர்ட்டில் நிற்பதும் வாரிசு, மன்னிப்பதும் வாரிசு. அந்த ஒரு பயம்தான் சௌத்ரியின் கையைக் கட்டியிருந்தது. நாமே அவிழ்த்துவிட்டோம்.

கராச்சிக்குப் போ. பாட வேண்டாம், மூட்டை தூக்கினாலும் பரவாயில்லை. போய்ச் சேர்ந்ததும் மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு.

ஃபஹ்மீதா

குஜ்ரான்வாலா
மே 3

என் கண்ணே சர்மத்,

போன கடிதத்தை மாமா பிரிக்காமலே திருப்பிக் கொண்டுவந்தார். உன் அறை பூட்டியிருக்கிறதாம். ஊர்க்காரர்கள் இரண்டு பேர் வந்தார்களாம், நீ அறைச் செருப்போடே அவர்களுடன் டீ குடிக்கப் போனாயாம், இன்னும் திரும்பவில்லையாம். பக்கத்து அறைப் பையன் சொன்னதாக மாமா சொன்னார். உடனே அப்பாவும் நானும் லாகூர் வந்தோம்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தர் அந்தப் பேப்பரை மேஜை மேல் போட்டார். "நீங்களே பிள்ளை இல்லைன்னு போட்டுட்டீங்களே. இப்ப நீங்க யாரும்மா அவனுக்கு?" நான் காகிதம் வாங்கி எழுதினேன்: "சர்மத் என் தம்பி. அவனைக் காணவில்லை. நான் அவன் வாரிசு. ரப்நவாஸ் மீது சந்தேகம்." கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் படித்துவிட்டு, "காணோம்னு மட்டுமா எழுதியிருக்கீங்க?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

ஏன் அப்படிக் கேட்டார், சர்மத்?

உன் அக்கா,
ஃபஹ்மீதா