தேய்ந்துபோன நாலு மில்லிமீட்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பியும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் அந்தக் கணக்கில் சேரவில்லை, அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு தொடங்குகிறேன். முதலில் தலைபோகிற விஷயம். போன வாரம் போனில் எனக்கு அனுப்புகிறேன் என்று சொன்னாயே, அந்த நீல ஷூ, அதை அனுப்பாதே. பார்சல் கட்டியிருந்தால் பிரித்துவிடு. தபாலில் போட்டிருந்தால் ஓடிப்போய்த் திருப்பி வாங்கிக்கொள், ஓடிப்போய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீ ஊரைவிட்டுக் கிளம்பிய வாரம் நாம் இருவரும் கடைக்குப் போய் ஒரே மாதிரி, ஒரே அளவில், மலைப்பாதையில் ஓடுகிற ஷூ ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கினோம், ஞாபகம் இருக்கும். கடைக்காரர்கூட நம்மைப் பார்த்து அக்கா தங்கையா என்று கேட்டார், அதை நான் அப்பாவிடம் சொன்னது ஒரு தடவை, அவர் எனக்குச் சொல்லிக்காட்டியது நூறு தடவை. இந்த நாலு வருடத்தில் அதே ஷூவில் மூன்று ஜோடி தேய்த்துவிட்டேன். என் கால் முன்னால் அகலம், பின்னால் ஒல்லி, வாத்துக்கால் என்று நீயே பெயர் வைத்தாய். விரலை நெரிக்காமலும் குதிகாலை நழுவவிடாமலும் ஈரப் பாறையில் பிடித்து நிற்பது உலகத்தில் அந்த ஷூ ஒன்றுதான். மூன்றாவது ஜோடி இரண்டு மாதத்துக்கு முன்னால் வாயைப் பிளந்தது. அப்பா சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டிக் கொடுத்தார், அது மறுநாளே கொட்டாவி விட்டது. சரி, புதிது வாங்கலாம் என்று கடைக்குப் போனால், அந்த மாடலைக் கம்பெனி நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது என்று கடைக்காரர் துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார். அதற்குப் பதிலாக அதே கம்பெனி இப்போது போடுவது இதுதான் என்று வேறு பெயரில் ஒரு சாம்பல் நிற ஷூவைக் கொண்டுவந்து வைத்தார். நான் தனியாகப் போயிருந்தால் காலை விட்டுப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்திருப்பேன், கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் கூட வந்தவர் யார்.

உன் அப்பா ரிட்டயர் ஆன சேதி அவருடைய பட்டறைக்குத் தெரியும், அவருக்குத்தான் இன்னும் தெரியாது. முப்பத்து நாலு வருடம் உருப்படி உருப்படியாக அளந்து, பாஸ் என்றும் ரிஜெக்ட் என்றும் சிவப்புப் பென்சிலால் எழுதின கை சும்மா இருக்குமா, இத்தனை நாள் வீட்டில் சோப்புக்கட்டி எத்தனை நாளில் எவ்வளவு கரைகிறது என்று வெர்னியர் அளவுகோலால் அளந்துகொண்டிருந்தார். என் ஷூ விஷயம் அவருக்கு வேலை உத்தரவு வந்த மாதிரி ஆகிவிட்டது. முந்தின நாளே என் பழைய ஷூவை மேஜைமேல் வைத்து, குதிகால் உயரம் இருபத்திரண்டு மில்லிமீட்டர், விரல் பக்கத்து அகலம் இத்தனை, வளைவு இத்தனை என்று ஒரு நோட்டில் முழுப்பக்கம் எழுதிவிட்டார். கடையில் சட்டைப்பையிலிருந்து வெர்னியரை எடுத்து அந்தச் சாம்பல் ஷூவின் குதிகாலை அளந்தார், இருபத்தாறு வந்தது. நாலு மில்லிமீட்டர் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு அந்தப் பெட்டியின் மேலேயே சிவப்புப் பென்சிலால் ரிஜெக்ட் என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டார். நான் கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் வெளியே வந்து பக்கத்துக் கடையில் நமக்குத் தேவையில்லாத ஒரு வாளியை விலை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஆறு கடை, பதினொரு ஷூ, எல்லாம் ரிஜெக்ட். உன் தம்பி இன்டர்நெட்டில் தேடி, எங்கேயோ ஒருவர் அந்தப் பழைய மாடலையே ஒரு ஜோடி விற்கிறார் என்று கண்டுபிடித்தான். அப்பா அந்த மனிதருக்குப் பதினான்கு கேள்வி எழுதி அனுப்பினார், எந்தத் தட்பவெப்பத்தில் வைத்திருந்தீர்கள் என்பது வரைக்கும். "ஐயா, இது ஷூ, ராக்கெட் இல்ல" என்று ஒரு வரி பதில் வந்தது, அதோடு அவர் நம்மைத் தடைசெய்துவிட்டார். கடைசியில் அளவில் பாஸ் ஆனது ஒன்றே ஒன்று, அது மீன் சந்தையில் வேலை செய்கிறவர்கள் போடுகிற ரப்பர் ஷூ. சிரிக்காதே, குதிகால் சரியாக இருபத்திரண்டு இருந்ததாம். அவர் முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல் ஒருநாள் அதைப் போட்டுக்கொண்டு மலைப்பாதைக்குப் போனேன். ஒவ்வொரு அடிக்கும் சளக் சளக் என்று சத்தம். வளைவு வந்தால் புதருக்குள் புகுந்து முந்திப்போவாரே, நீகூடக் குறுக்குவழி என்று பெயர் வைத்தாயே, அவர் நின்று என்னை மேலும் கீழும் பார்த்து, மேலே வெள்ளமா என்று அக்கறையாகக் கேட்டார்.

இப்போது முழங்கால் விஷயம். மாடிப்படியில் இடித்துக்கொண்டேன் என்று உன்னிடம் சொன்னது பொய். அந்த ஷூ வாய் பிளந்த அன்றைக்கு, தண்ணீர்த்தொட்டி தாண்டி இறக்கத்தில் பாதையின் ஓரம் சரிந்து, நானும் சரிந்து, பள்ளத்தில் உட்கார்ந்த நிலையில் போய்ச் சேர்ந்தேன். எலும்புக்கு ஒன்றும் இல்லை. உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பாவிடமும் தம்பியிடமும் சத்தியம் வாங்கியிருந்தேன், சொன்னால் உடனே ஐம்பத்தெட்டு வயதில் உனக்கு ஓட்டம் எதற்கு என்று ஆரம்பிப்பாய். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அன்றிலிருந்து எனக்குப் பயம் வந்துவிட்டது. நல்ல ஷூ கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு ஓடாமல் இருந்துவிடலாம் என்றுகூட ஒரு பக்கம் தோன்றியது. அப்பா ஒவ்வொரு ஷூவாக ரிஜெக்ட் செய்தபோது வெளியே எரிச்சல்பட்டேன், உள்ளே கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் நீ போனில் சொன்னாய். "என்கிட்ட அதே ஷூ இருக்கும்மா, அப்படியே புதுசா இருக்கு, ஒரு தடவைகூடப் போடல, அனுப்பிடறேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டாய். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல் என்று குதித்தார். நான் கிளினிக்குக்குக் கிளம்பிவிட்டேன். இருபத்தேழு வருடமாக ரத்தம் எடுக்கிறவள் நான், தெருவில் போனால் ஊசியம்மா என்று குழந்தைகள் ஓடி ஒளிகின்றன, கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் நரம்பு கையில் அகப்படும். அன்றைக்கு மூன்று பேருக்கு இரண்டிரண்டு தடவை குத்தினேன். மூன்றாவது ஆள், அம்மா உங்களுக்கு உடம்புக்கு முடியலையா என்று என்னையே கேட்டுவிட்டார். ஒரு தடவைகூடப் போடவில்லை என்றாயே, அதுதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு வருடம் தினமும் விடிந்ததும் விடியாததுமாக என்னைப் படுக்கையிலிருந்து இழுத்துக்கொண்டு போய் ஓடவைத்தது நீ. மலை உச்சியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பாயே, அந்தப் பெண் நாலு வருடமாக ஷூவைப் பெட்டியை விட்டே எடுக்கவில்லையா. போனில் எப்போது கேட்டாலும் ஒன்றுமில்லை, கொஞ்சம் அசதி என்கிறாய். ஒன்றுமில்லை என்று கையை நீட்டுகிறவர்களைத்தான் நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குத்தான் நரம்பைத் தேட வேண்டியிருக்கும்.

உன் போட்டோ வந்ததும் அப்பா பெரிதாக்கிப் பார்த்தார், குதிகால் இருபத்தாறு. உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார், இது போலி, நம் குழந்தையை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று. அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் வாங்கினேன், இரண்டும் ஒரே அலமாரியிலிருந்து எடுத்தது என்று நான் சொன்னேன். அவர் நோட்டைப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், எழுந்துபோய் என் பழைய ஷூவைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். குதிகாலில் பிடிப்புக்கு இருக்க வேண்டிய முளை என்று ஒன்றுமே இல்லை, வழுவழு என்று இருந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தேய்ந்த உருப்படியை வைத்துக்கொண்டு அதுதான் சரியான அளவு என்று இரண்டு மாதம் ஊரெல்லாம் அளந்திருக்கிறார். "இந்தத் தப்பப் பண்ணுன நாலு பேர நானே வேலையவிட்டு அனுப்பியிருக்கேன்" என்றார், குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. அன்றைக்கு முழுக்க அவரிடம் வெர்னியர் இல்லை, மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டார்.

மறுநாள் அவரைக் கையைப் பிடிக்காத குறையாக முதல் கடைக்கே கூட்டிப்போனேன். அந்தச் சாம்பல் ஷூ மற்ற அளவெல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது, என் அளவு மட்டும் இருந்தது. கையெழுத்துப் போட்டு ரிஜெக்ட் என்று எழுதின பெட்டியை யார் வாங்குவார்கள் என்று கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். காலை விட்டேன், பாப்பா, வாத்துக்கால் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி போய் உட்கார்ந்தது, பெயரைத்தான் மாற்றியிருக்கிறார்கள். அப்பா ரப்பர் வாங்கிப் பெட்டியில் எழுதினதை அழித்து, பாஸ் என்று எழுதினார். எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைத்தால், கடைக்காரர் என் பழைய இடது ஷூவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதில் வெளிப்பக்கம் மட்டும் ஒரேயடியாகத் தேய்ந்திருக்கிறது என்றார். "நீங்க எப்பவும் பாதையோட இடது ஓரத்துலதான் ஓடுவீங்களாம்மா?" என்று கேட்டார். இல்லையே, ஒரு வண்டி போகிற அகலப் பாதையாயிற்றே, ஓரத்தில் ஏன் ஓடப்போகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்ல முடியவில்லை. வலது பக்கம் நீ ஓடுவாய். பள்ளம் இருக்கிற பக்கம் உனக்கு வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே நான் அந்தப் பக்கம் போனேன். நீ போய் நாலு வருடம் ஆகிறது, நான் இன்னும் உனக்கு இடம் விட்டு ஓரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறேன். விழுந்ததும் அதனால்தான், ஷூவைத் திட்டியது பாவம். கடையில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஷூவுக்காக அழுகிற பெண்மணியை அந்தக் கடைக்காரர் இதற்குமுன் பார்த்திருக்க மாட்டார்.

புது ஷூவில் இதுவரை ஐந்து நாள் ஓடிவிட்டேன், பயம் முழுக்கப் போகவில்லை, பாதி போயிருக்கிறது. நடுப்பாதையில் ஓடிப் பார்த்தேன், தொட்டி வருவதற்குள் கால் தானாக ஓரத்துக்கு வந்துவிடுகிறது. அதனால் அப்பா இப்போது என் வலது பக்கம் வருகிறார். பாதி நடை, பாதி ஓட்டம், மீதி முனகல். அந்த மீன் சந்தை ஷூ அவருக்குச் சரியாக இருக்கிறதாம், வீணாக்கக்கூடாது என்று அதைத்தான் போட்டுக்கொண்டு வருகிறார், சளக் சளக் என்று மலையே அதிர்கிறது. குறுக்குவழி இப்போது எங்களைக் கண்டால் வழி மாற்றிக்கொள்கிறார். அப்பா பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம், உன் இடத்தை அவருக்கு இரவல்தான் கொடுத்திருக்கிறேன், நீ விடுமுறையில் வரும்போது காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இனி நீ செய்ய வேண்டியது. அந்த ஷூவைப் பெட்டியிலிருந்து எடு. சும்மா கிடந்தால் பசை விட்டிருக்கும் என்று கடைக்காரர் சொன்னார், முதல் நாள் தெருமுனை வரை நடந்து பார். அங்கே உனக்குத் துணைக்கு ஆள் இல்லை, ஊர் பழகவில்லை, வேலை பிடுங்குகிறது, எல்லாம் தெரியும், நான் உன்னைக் குறை சொல்லவில்லை, எனக்குக் கவலையாக இருக்கிறது, அவ்வளவுதான். மலை வேண்டாம், தெருமுனை போதும். மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு போ, என்னையே இழுத்தவளுக்கு அவர் எம்மாத்திரம். காலையில் எழுந்ததும் போனைப் பார்க்காதே, தண்ணீர் குடி. வரும்போது அந்தப் பழைய போர்வையைக் கொண்டு வா, தம்பி கேட்கிறான்.

நூறு வருடம் நோய்நொடி இல்லாமல், கால் ஓய்வில்லாமல், நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும். அப்பா ஆசீர்வாதத்தோடு இதையும் எழுதச் சொல்கிறார்: மாதம் ஒரு தடவை ஷூவின் குதிகாலை ஸ்கேலோடு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், ஸ்கேலைச் சாய்க்கக்கூடாது. நோட்டில் உன் பெயருக்குத் தனிப்பக்கம் போட்டு முதல் வரியில் இருபத்தாறு என்று எழுதி வைத்திருக்கிறார். அது குறையாமல் இருந்தால் சிவப்புப் பென்சிலால் ரிஜெக்ட் என்கிறார்.

இப்படிக்கு,
பாதையின் இடது ஓரத்திலிருந்து,
உன் அம்மா