டப்பாவில் வந்த தோல்

இன்று காலை பக்கத்து வீட்டுப் பெண் ஒரு கிரீம் டப்பாவைத் திறந்தாள். அன்று நாம் வாங்கிய கிரீமின் அதே ரோஜா வாசனை மூக்கில் ஏறியதும் விலகி வந்துவிட்டேன். மஞ்சள் காமாலையில் நீ இறந்துபோய் இரண்டு வருடமாகிறது.

அந்தக் கிரீமை வாங்கியது சுனாமி வந்த மறு வருடம். தாயில்பட்டியில் நாம் இருவரும் வேலை பார்த்த பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து தீப்பிடித்து, உன் இடது கன்னமும் அந்தப் பக்கத் தலையும் வெந்து ஆறியிருந்தன. அங்கே முடியே முளைக்கவில்லை. சிவகாசியில் ஒருவன் தன் கடைக் கண்ணாடியில் செய்தித்தாள் துண்டு ஒன்றை ஒட்டியிருந்தான். வெளிநாட்டு ஆராய்ச்சிக்கூடத்தில் மனிதத் தோலை வளர்க்கிறார்களாம். உனக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்டினேன். "அதே மருந்துதாம்மா, இப்ப டப்பாவுல வருது" என்றான். நம்பி வாங்கினோம்; தினமும் தடவினாய்.

பத்து நாள் முகம் மினுங்கியது. "ஏட்டி, எம்புட்டு வழுவழுன்னு இருக்கு, தொட்டுப் பாரு" என்றாய். பிறகு தோல் வெங்காயச் சருகாய் மெலிந்து, சிவந்து, சீழ் வைத்தது. தலையில் முளைக்காத முடி கன்னத்தில் முளைத்தது.

மதுரை டாக்டரம்மா உன் கன்னத்தைப் பார்த்ததுமே முகம் சுளித்தார். "ஸ்டீராய்டு கலந்த கிரீமைப் போட்டிருக்கீங்க. அந்த ஆராய்ச்சி நெசந்தான். நம்ம தோலையே துளி எடுத்து வளர்த்து, வெந்த இடத்துல ஒட்டுறாங்க. அதுலகூட முடி முளைக்க வைக்க இன்னும் முடியல. டப்பாவுல அடைக்கிற விஷயமாம்மா அது?"

திரும்பும்போது நேரே அந்தக் கடைக்குப் போனாய். அவன் சிரித்தான். "வெந்த மூஞ்சிக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் காறித் துப்பத் தோன்றுகிறது. நீ முக்காட்டை எடுத்தாய். டப்பா வாங்க நின்ற நான்கு பெண்களுக்கும் கன்னத்தைத் திருப்பிக் காட்டினாய்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க. இந்தாளு வளத்த தோலு இதுதான்."

நால்வரும் வாங்காமலே இறங்கிப் போனார்கள். நான் வாசற்படியிலேயே, முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். அவனை நினைத்து வரும் அருவருப்பைவிட, அப்படி நின்ற என்னை நினைத்து வருவதுதான் அதிகம்.

பஸ்ஸில் கேட்டாய்: "நீ ஏன்ட்டி உள்ள வரல?"

"கடையில கூட்டமா இருந்துச்சு" என்றேன்.

நான்கே பேர் நின்றது உனக்கும் தெரியும். ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாய். உன் முகத்தோடு சேர்ந்து நிற்கத்தான் அன்று கூசினேன். நீ இருந்தவரை அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.