சைட் ஸ்டெப் இல்லாத வண்டி

இன்று மதியம் சரக்கு முனையத்தின் கார் நிறுத்துமிடத்தில், கூட வேலை பார்க்கும் தேவி தன் புது வண்டியைக் காட்டக் கூப்பிட்டாள். நம்முடையதைப் போலவே காடுமேடெல்லாம் ஏறக்கூடிய உயரமான வண்டி. கதவைத் திறந்ததும் புது ரப்பர் விரிப்பின் வாசனை. "அக்கா, ஃபேக்டரியிலேயே சைட் ஸ்டெப் போட்டு வாங்கிட்டேன். ஓகே தானே?" என்றாள். கதவுக்குக் கீழே, கால் வைத்து ஏற நீளமாக ஒரு படி. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன சொல்லட்டும் என்று உன்னைத்தான் கேட்கத் தோன்றியது.

நம் வண்டிக் குழுவில் பெண்கள் நாமிருவர்தான். சிங்கப்பூரின் மேற்குக் கோடி பூன் லேயிலிருந்து நீ வருவாய், கிழக்குக் கோடி சாங்கியிலிருந்து நான். ஞாயிறு காலையில் நடுவழியில், லிட்டில் இந்தியாவில் சந்திப்போம். கடைகள் பாதி திறந்திருக்கும். ஈரமாகக் கழுவிவிட்ட நடைபாதையில் பூக்கடை வாசனை மிதக்கும். ஒரு கோப்பை தே குடித்து முடிப்பதற்குள் நீ வேலையைத் தொடங்கிவிடுவாய். கப்பல் பட்டறையில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது உன் உத்தியோகம். விடுமுறை நாளிலும் அந்தக் கண்ணுக்கு விடுமுறை கிடையாது. உன் பெயர் அட்டையை எடுத்து, இடைவெளி ஒரே சீராக இருக்கிறதா என்று பானட்டுக்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவே செருகி இழுத்துக்கொண்டே போவாய். எங்காவது சிக்கினால் போதும், வண்டிக்காரர் முகம் தொங்கிப்போகும்.

என் வண்டி டாப் மாடல். தோல் இருக்கை, கூரையில் கண்ணாடி, சைட் ஸ்டெப், எல்லாம் உண்டு. உன்னுடையது இருப்பதிலேயே சாதாரண மாடல். துணி இருக்கை, இரும்புச் சக்கரம், தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடத் தரையில் ஓட்டை. "நீ வாங்கினது வண்டி இல்ல லா, சோபா," என்பாய். அந்தப் படியைத்தான் உனக்குக் கண்ணிலேயே காட்டக்கூடாது. "படி வச்சு ஏறுறதுக்கு இது என்ன பஸ்ஸா?"

எல்லை தாண்டி, ஜொகூர் செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் அந்தப் படி ஒரு கட்டையில் இடித்து வளைந்தபோது, நீ சிரித்த சிரிப்பில் பறவைகள் எழுந்து பறந்தன. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுவாரமே இரண்டு பக்கப் படிகளையும் கழற்றிப் பட்டறையிலேயே போட்டுவிட்டு வந்து நின்றேன். நீ குனிந்து, போல்ட் இருந்த ஓட்டைகளை விரலால் தடவினாய். "இப்பதான் பாக்க வண்டி மாதிரி இருக்கு." அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். சிங்கப்பூரில் சேற்றுக்கு எங்கே போவது? வருடத்தில் இரண்டே நாள் பார்க்கும் சேற்றுக்காகத்தான் அத்தனை வீறாப்பும்.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. உன் வண்டிக்கும் இங்கே தரும் பத்து வருட உரிமம் முடிந்து, அதை ஒப்படைத்துவிட்டாய். ஒருநாள் காலையில் நீயே போன் செய்தாய். "உசரமா உக்காந்து ஒருதரம் கடலப் பாக்கணும் போல இருக்கு. வர்றியா?"

உன் அடுக்குமாடி புளோக்கின் கீழே வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தேன். நீ காலைத் தூக்கினாய். எட்டவில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இன்னொரு முறை தூக்கினாய். அப்போதும் எட்டவில்லை. நம் இருவர் கண்களும் ஒரே நேரத்தில் படி இல்லாத அந்த இடத்துக்குப் போயின. என் புத்தியைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கடையிலிருந்து ஸ்டூல் வாங்கி வரட்டுமா என்றேன். "வேணாம், எல்லாரும் பாப்பாங்க. வுடு, இன்னொரு நாள் போலாம்." இன்னொரு நாள் இல்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நான் மண்டியிட்டு, விரல்களைக் கோத்துக் கைகளைத் தாழ்வாக நீட்டினேன்.  நீ செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாய். "மன்னிச்சுக்க," என்று சொல்லிக் காலை வைத்தாய்.

வழியெல்லாம் தூங்குமூஞ்சி மரங்களின் நிழல் உன் முகத்தில் வந்து வந்து போனது. நீ பாதி உறக்கத்தில் இருக்கையின் தையலை விரலால் தடவிக்கொண்டே வந்தாய். சாங்கியில் கடலைப் பார்த்தபடி நிறுத்தினேன். விமானங்கள் தாழ்ந்து இறங்கிக்கொண்டிருந்தன. தண்ணீரும் வானமும் ஒரே நிறத்தில் இருந்தன.  "சோபா நல்லாதான் இருக்கு லா," என்றாய் கடைசியில். வீடு திரும்பியதும் அதே கைகளில் கால் வைத்து இறங்கினாய். அதற்குப் பிறகு நீ எந்த வண்டியிலும் ஏறவில்லை.

தேவியிடம், "படி இருக்கட்டும், யார் என்ன சொன்னாலும் கழட்டாதே," என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினேன். நாள் முழுக்கப் பெட்டி தூக்கிப் பழகிய கைகள் இவை. எவ்வளவு கனமாக இருந்தாலும் தூக்கி, வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிடும். அன்று உன் காலில் கனம் என்று சொல்ல ஒன்றுமே இருக்கவில்லையடி. அதைத்தான் இன்னும் இறக்கி வைக்க முடியவில்லை.