நீ குடிக்காத சூப்

சாகக் கிடந்தவள் கையிலிருந்து சூப்பைப் பிடுங்கியவள் என்று கோயில் முற்றத்தில் என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. நான் எதையும் பிடுங்கவில்லை. உன் கட்டிலுக்கு நாலடி தள்ளி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்று மட்டும் சொன்னேன். பேசுகிறவர்கள் சரியாகப் பேசட்டும்.

இன்று தபசுகாலத்தின் முதல் வெள்ளி, நாம் புலால் தொடாத நாள். பக்கத்து வீட்டுக் குசினியில் காலையிலிருந்து ஆட்டெலும்பும் மிளகும் கொதிக்கிற வாசனை. அவர்கள் நம் வேதக்காரர்கள் இல்லை; அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன். புழுக்கம் தாங்காமல் மறுபடி திறந்துவிட்டு, ஒரு வருடமாக உன்னிடம் சொல்ல வைத்திருந்ததை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உன்னோடு எனக்கு எப்போதும் இதே தொல்லைதான். கான்வென்டில் படிக்கிறபோது மதர் நமக்கெல்லாம் ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். அன்று செய்த குறைக்கு அன்றே ஒரு புள்ளி வைக்க வேண்டும். நான் பென்சிலைக் கூர் சீவி ஒழுங்காக வைத்தேன். நீ மாதக் கடைசியில், மணி அடிப்பதற்குள், என் முதுகையே மேசையாக்கி மொத்தமாகக் குத்தினாய். செய்ததைவிட அதிகமாகப் போடுகிறாயே என்றதற்கு, "இருக்கட்டும்ளா, அடுத்த மாசத்துக்கும் சேத்து" என்றாய். மதர் உன் அட்டையைப் பார்த்து, இவளுக்குத்தான் தன் குறை தெரிகிறது என்று மாதா படம் பரிசு கொடுத்தார்கள். என் அட்டையில் புள்ளி குறைவு. அதனால் பெருமை பிடித்தவள் என்றார்கள். அறுபது வருடமாகியும் அது எனக்கு ஆறவில்லை.

என் வீட்டுக்காரர் இறந்த இரண்டாவது ஞாயிறு, பூசை நேரத்தில் என் குசினியில் உட்கார்ந்து ஊளி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடுவது சாவான பாவம் என்று திட்டினேன்.

"சாமி அங்கன ஆயிரம் பேரோட இருக்காரு. நீ இங்கன ஒத்தையில கெடக்க" என்றாய், செதிலைத் தட்டிக்கொண்டே.

நான் நன்றி சொல்லவில்லை. மாலைப் பூசைக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் நீ என்னைக் கிண்டல் செய்தாய். "எங்க தாத்தா சங்கு குளிக்கப் போவாரு. மூச்சு முட்டுனா கயித்த ஆட்டுவாரு, மேல தூக்கிருவாங்க. நீ கயிறே கட்டாம எறங்குத. மோட்சத்துக்குப் போனாலும் அங்கன உள்ளவங்க கிட்டயும் குத்தம் கண்டுபிடிப்ப."

போன வருடம் ஆஸ்பத்திரியில் உன் மருமகள் பிளாஸ்க்கில் ஆட்டெலும்பு சூப்போடு வந்தாள். "டாக்டர் குடுக்கச் சொல்லிட்டாரு பெரியம்மா. அத்த ரெண்டு நாளா ஒண்ணும் எறக்கல." அவள் மூடியைத் திறந்து உன் கையில் கொடுத்தபோதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். சுத்தபோசன நாள், புலால் ஆகாது. நோயாளிக்கு விதிவிலக்கு உண்டு என்பது எனக்குத் தெரியாதா? எத்தனை பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பில் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். விதிவிலக்கு சாதாரண மனிதர்களுக்கு, நாம் அதற்கும் மேலே போக வேண்டும் என்று நினைத்தேன். 'நாம்' என்று நினைத்தேன், பார். பசியோடு கிடந்தவள் நீ. நான் வீட்டில் மதியம் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். மீனுக்குத் தடையில்லை அல்லவா?

நீ என்னைப் பார்த்தாய். மூடியை வாங்கி பிளாஸ்க்கை நீயே திருகி மூடினாய். "வச்சிரு தாயி, நாளைக்குக் குடிச்சுக்கிடுதேன்" என்றாய் மருமகளிடம். சனிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் போய்விட்டாய்.

டாக்டரிடம் கேட்டேன். ஒரு டம்ளர் சூப்பில் உயிர் நின்றிருக்காது என்றார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். "நோயாளிக்கு விதிவிலக்கு உண்டே, உங்களுக்குத் தெரியாதாம்மா?" என்று கேட்டார். தெரியும் சாமி என்றேன். அப்புறம் ஏன் என்றார். அபராதமாக ஒரே ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். இவ்வளவுக்கு இவ்வளவுதானா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. நானாக ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி ஜெபமாலை முழுவதும் சொன்னேன். அதிலும் மனம் நிற்கவில்லை.

குறையில்லாமல் வாழ முயல வேண்டுமா என்று யாராவது கேட்டால், முயலத்தான் வேண்டும் என்று இப்போதும் சொல்வேன். முயலாதவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தினமும் பார்க்கிறேனே. ஆனால் என் முயற்சியை உன் வாயில் நடத்தினேன். அது எனக்குத் தெரிந்துவிட்டது. இந்த வயதில் தெரிந்து என்ன செய்ய என்றுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஒன்று மட்டும் தெரியவில்லை. நீ ஆண்டவரை நினைத்து அதை ஒதுக்கினாயா, அல்லது உன் மருமகள் முன்னால் நான் தோற்றுப்போகக் கூடாது என்றா? முதலாவது என்றால் நான் நிம்மதியாக இருப்பேன். இரண்டாவது என்றால், நான் வாழ்நாளெல்லாம் ஏறப் பார்த்த இடத்தில் நீ படுத்துக்கொண்டே போய் உட்கார்ந்துவிட்டாய். அதையும் நான் சுமக்க வேண்டும்.

கனவில் வந்து சிரித்துவிட்டுப் போகாதே, எனக்குப் புரியாது. எது என்று எழுத்தில் பதில் அனுப்பு.