உதவி தேவைப்படுவோர்: யாரும் இல்லை

தெருக்குழுத் தலைவருக்கு,

நீங்கள் எழுந்திருக்கும்போது நான் மருந்துக்கடைக்குப் போயிருப்பேன், சாயங்காலம்தான் வருவேன். சாப்பாட்டை மேசையில் மூடி வைத்திருக்கிறேன். மாடிச் சாவி ஆணியில் தொங்குகிறது.

காட்டுத்தீ வந்தால் எந்த வீட்டில் யாரைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும் என்று நீங்கள் எழுதிய பட்டியலை நேற்று வாசித்தேன். தையல்காரரின் ஒடிந்த கால் இருக்கிறது. கோடி வீட்டுக் கிழட்டு நாய்கூட இருக்கிறது. நம் வீட்டுக்கு நேரே மட்டும் ‘யாரும் இல்லை’. மூன்று வருஷமாக மாடியில் படுத்த படுக்கையாகக் கிடப்பது உங்கள் அப்பா. கேட்டால், “அதான் நீ இருக்கியே” என்கிறீர்கள்.

இன்று நான் இல்லை. நாலு மணிக்குத் தீ ஒத்திகைச் சங்கு ஊதும்போது பதினேழு படியும் நீங்களே அவரைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள். இடது தோளைப் பிடிக்காதீர்கள், உயிர் போகிற மாதிரி வலிக்கும். இதெல்லாம் உங்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

ஊரார் கூரையிலெல்லாம் ஏறிச் சருகு கூட்டினீர்களே, நம் கூரையை நேற்று நான்தான் கூட்டினேன்.

பி.கு.: பட்டியலில் மாமா பெயரை நானே எழுதப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “வேணாம்மா, நாலு பேர் முன்னாடி அவனுக்குத் தலைகுனிவு. தீ வந்தா நீ பாட்டுக்கு இறங்கிப் போயிடு” என்றார். பட்டியலும் பேனாவும் அவர் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. எழுதுவதானால் அவர் கண் முன்னால் எழுதுங்கள்.