கருவேல நிழலில் ஓட்டிய சைக்கிள்

தாரண வருடம், சித்திரை 20, செவ்வாய். பெரம்பலூர்.

வேப்பந்தட்டைக்குப் பருத்தி பார்க்கப் போன குறுக்குப்பாதையில் இன்று சைக்கிளின் இரண்டு டயரிலும் முள் ஏறிவிட்டது. யுத்த காலத்தில் புது டயருக்கு எங்கே போவேன்? சைக்கிள் இல்லையென்றால் இங்கே எனக்கு வியாபாரமே இல்லை. கும்பகோணத்தில் வாய்க்கால் கரை நிழலைப் பார்த்து ஓட்டியவன், இங்கும் கருவேல நிழலைத் தேடினேன். குடிவந்து ஆறு மாதமாகியும் கண் இன்னும் அங்கேயே இருக்கிறது.

ஆடு மேய்க்கும் செல்லம்மா சிரித்தாள். "நெழல்லதானே ஆட்டுக்குக் கொப்பு வெட்டிப் போடுறேன். முள்ளு கெடக்காம மெத்தையா கெடக்கும்? வெயில்ல போனா கறுத்துடுவீங்களா மொதலாளி?"

"பாதையை விட்டுத் தள்ளி வெட்டேன்."

"எனக்கு என்ன தருவீங்க?"

பேசி முடித்தோம். பாதையில் ஒரு கொப்பும் விழாது. வாரம் ஒரு கவுளி கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலை, என் பொறுப்பு.